முதலாளி மடியில் வைத்த கல்

1. வந்தவர்களும் வராதவரும்

அன்று காலை போடியிலிருந்து மலையேறிய ஜீப்பில் இருந்தவர்கள்: டிரைவர் செல்வம் அண்ணன், பாண்டியம்மா அக்கா, அவரோடு சிலமலையிலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் பதினோரு பெண்கள், சூப்பர்வைசரான நான், அப்புறம் முருகேசு என்ற புது ஆள். வராதவர், நாங்கள் 'சின்னவர்' என்று சொல்லும் எங்கள் எஸ்டேட் முதலாளி. அந்த முருகேசுதான் முதலாளி.

எல்லாம் டிவிக்காரர்கள் ஏற்பாடு. முதலாளி மாறுவேடத்தில் தொழிலாளியாக வேலை பார்த்து எங்கள் கஷ்டங்களைத் தெரிந்துகொள்வார். கடைசியில் ஒட்டுத்தாடியைக் கழற்றுவார். நாங்கள் அதிர்ச்சியடைய வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படித்தவன் நான் என்பதால், இதைப் பெண்களுக்கு விளக்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்திருந்தார். முந்தின நாளே சொல்லிவைத்தேன்:

"அவர யாருன்னே நமக்குத் தெரியாது. புது ஆள எப்படி நடத்துவீங்களோ, அப்படியே நடத்துங்க."

இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

2. புது ஆளின் சோலி

எங்கள் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பல மாதமாகப் பிடிப்பதில்லை. கால் பிரேக்கும் அரைகுறைதான். கொண்டை ஊசி வளைவில் பஸ்சுக்கு ஒதுங்கி நின்றால் வண்டி பின்னால் உருளும். அதனால் கடைசியில் உட்காருகிறவர் மடியில் எப்போதும் ஒரு கல் இருக்கும். வண்டி நின்றதும் குதித்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்குத்தான் அந்த இடம் என்பது எங்கள் வழக்கம். பிரேக்கைப் பற்றி ஆபீசுக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். "பாப்போம்" என்றார்கள்.

முதலாளி பழக்க தோஷத்தில் முன் சீட்டுக்குப் போனார். பாண்டியம்மா அக்கா மறித்தார்.

"ஏப்பா முருகேசு, எங்க போற? புது ஆளு பின்னால." கல்லைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"அக்கா, சின்னவருக்கா..." என்று அவர் காதோரம் கெஞ்சினேன்.

"எந்தச் சின்னவரு? நீதானப்பு சொன்ன, யாருன்னே தெரியாதுன்னு? கஷ்டத்தத் தெரிஞ்சுக்கத்தான வந்துருக்காரு? தெரிஞ்சுக்கட்டும்."

பின்னால் காரில் காமிராவோடு வந்த டைரக்டர் தலையை வெளியே நீட்டி, "சூப்பர்! ரொம்ப இயல்பா இருக்கு!" என்றார்.

பாதி மலையில் மேலிருந்து பஸ் இறங்கியது. செல்வம் அண்ணன் ஓரங்கட்டினார். ஜீப் உருள ஆரம்பித்தது, நேராக டைரக்டரின் காரை நோக்கி.

"முருகேசு, கல்லப் போடு!" என்று அக்கா கத்தினார்.

முதலாளி கல்லைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அடேய், வெரசா எறங்குடா!"

பதினோரு பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். வண்டி உருளுவது அவர்களுக்குப் பழக்கம். முதலாளியை 'டா' போட்டு இப்போதுதான் கேட்கிறார்கள்.

அக்காவே கல்லைப் பிடுங்கிக்கொண்டு குதித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். காருக்கு ஒரு முழம் இருக்கும்போது ஜீப் நின்றது. முதலாளியின் தாடி ஒரு காதில் தொங்கியது. டைரக்டர் ஜீப்பைப் பார்த்து "கட்! கட்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

3. அதிர்ச்சி

மதியம் ஏலக்காய் ஸ்டோர் வாசலில், மறுபடி ஒட்டிய தாடியை முதலாளி கழற்றினார். எங்கள் அதிர்ச்சி போதவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

"யம்மா, சிரிக்காதீங்க! இவருதான் உங்க முதலாளி!" என்றார் டைரக்டர்.

"அது காலையிலயே தெரியுமே தம்பி."

அப்புறம் அக்காவுக்கு ஒரு வாஷிங் மெஷினைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

"மெஷினு இருக்கட்டும் மொதலாளி. எங்க தெருவுல கொழாத் தண்ணியே என்னைக்காவதுதான் வருது. அந்த ஜீப்புக்கு பிரேக்குப் போட்டுக் குடுங்க."

"கட்!"

முதலாளி நல்லவர்தான். காலையில் வெளுத்த முகம் இன்னும் தெளியவில்லை. "மேனேஜர்ட்ட சொல்றேம்மா" என்றார். சொல்லவும் செய்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அது வாடகை ஜீப்புப்பா. பிரேக்கு டிரைவர் பாடு" என்றார். செல்வம் அண்ணன், "நீங்க தர்ற வாடகை டீசலுக்கே பத்தல மாப்ளே" என்றார். அதற்குள் முதலாளி கொச்சியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது ஜீப்பே வரவில்லை. கல்லைப் போட்டுவிட்டு அக்கா முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்தது மட்டும் வந்தது, சோக இசையோடு. கீழே, 'முதலாளியின் கருணையில் நெகிழ்ந்த பாண்டியம்மா' என்று எழுத்து ஓடியது.

"நான் எப்ப அப்பு அழுதேன்?" என்று அக்கா என்னைக் கேட்டார். மறுநாள் காலை ஜீப்பில் ஏறாமல் ரோட்டிலேயே நின்றுகொண்டார். "பெட்டியப் பிரிக்கவே இல்ல. மெஷின அப்படியே வித்துருவோம். பிரேக்கு மாத்துன பெறகுதான் இதுல ஏறுவேன்" என்றார். மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள்.

எஸ்டேட் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். குறை கேட்க யார் வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அவர் வந்து சரிசெய்வார் என்று நம்பி, பிரேக் இல்லாத வண்டியில் ஆளை ஏற்றாதீர்கள்.

போடி மெக்கானிக் பிரேக் வேலைக்கு ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் கேட்டார். மெஷின் எட்டாயிரத்துக்குப் போனது. மிச்சத்தை டிரைவரும் அக்காவும் அந்தப் பதினோரு பேரும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆளுக்கு நூறு ரூபாய்.