வயித்துவலின்னு பொய் சொன்ன எனக்கும் கர்த்தர் ஆள் அனுப்பினார்

சபையாருக்கு முதல்லயே சொல்லிடுறேன். இது அழுது சொல்லுற சாட்சி இல்ல. அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சாச்சு. ஊரடங்குக்கு முன்னாடி எல்லாரும் வேலிக்குள்ள போய்ச் சேரணும், அதனால வளவளன்னு இழுக்கவும் மாட்டேன். ஆனா நடந்தத மறைக்காமச் சொல்லுவேன். சில பேருக்குக் கோவம் வரும். வரட்டும்.

என் பேரு எஸ்தர். சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டத்துல ரப்பர் பால்மரம் சீவுறவ. போன வருஷம், ஐம்பத்திரண்டுல, ஈஸ்டர் முடிஞ்ச கையோட தொரை என்னக் கூப்பிட்டு, "நீ கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ, நாளையிலேருந்து கேட்டுல நில்லு"ன்னாரு. கேட்டுல நிக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குச் சோறு போயிடக் கூடாதுன்னு, விடியக்காலம் வேலைக்குப் போற ஒவ்வொருத்தரையும் தடவிப் பார்த்துத்தான் வெளிய விடணும். ஆம்பளைங்களப் போலீஸ்காரன் பார்ப்பான். பொம்பளைங்க கொண்டை, மடி, கைலி மடிப்பு எல்லாத்தையும் நான் பார்க்கணும். கூடப் பொறந்த பொறப்பா இருந்தாலும் பார்க்கணும்.

பாக்கியம் எங்க லயத்து வரிசையில அடுத்த வீடு. என் மகளுக்கு அம்மை போட்டப்ப ராத்திரி பகலா கூட இருந்தவ. வெறும் கோப்பியக் குடிச்சிட்டு மரத்துக்குப் போனா பத்து மணிக்கெல்லாம் அவளுக்குக் கண்ணு இருட்டிடும். ரெண்டு தடவ பால்வாளியோட விழுந்திருக்கா. ஒரு நாள் கேட்டுக்கு வர்றப்ப என்ன பண்ணியிருந்தா, ஒரு உருண்டை பழைய சோத்த வாழையிலையில சுத்தி அடிவயித்தோட கட்டிக்கிட்டு வந்திருந்தா. அவ சாப்பிடத்தான். வேற யாருக்கும் இல்ல. என் கை அது மேல பட்டுச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு.

அவ என்னப் பார்த்தா. கண்ணால கேட்டா. எனக்குப் பின்னாடி போலீஸ் சார்ஜன் நின்னுக்கிட்டு இருந்தான். பேசாம "போ"ன்னு சொல்லியிருக்கலாம். என் வாய் "இருக்கு"ன்னு சொல்லிடுச்சு.

லோரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஆறு மாசம் ஜெயில்.

அன்னியிலேருந்து என் கை எனக்குச் சொந்தமில்லாமப் போச்சு. எதத் தொட்டாலும் அந்த ஜில்லு. சோத்துல கை வைக்க முடியல. அஞ்சு வயசு மகளுக்கு ஒரு வாய் பிசைஞ்சு ஊட்ட முடியல, அது தட்டத் தூக்கிக்கிட்டு அப்பன்கிட்ட ஓடும். கேட்டுல நின்னா உடம்பு நடுங்குதுன்னு தொரை என்ன மறுபடி மரத்துக்கே அனுப்பினாரு. அங்கயும் கத்தி பிடிக்க முடியல, பட்டைய வெட்டாம மரத்த வெட்டினேன். வேலைய மேற்பார்க்குற மண்டோர் திட்டினாரு. தூக்கம்னு ஒண்ணு கிடையாது. விடியக்காலம் பெரட்டுல நிக்க வச்சுப் பேரு கூப்பிடுறப்ப என் பேரு எனக்கே யாரோ ஒருத்தி பேரு மாதிரி கேக்கும்.

லயத்துல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. என் கொழுந்தனாரு தண்ணி மந்திரிச்சுக் கொண்டாந்தாரு. பேய் பிடிச்சிருக்காம். உபதேசியாரய்யா வந்து, "மறைச்சு வச்ச பாவம் ஏதோ இருக்கு, அறிக்கை பண்ணு"ன்னாரு. ஐயா இங்கதான் உக்காந்திருக்காரு, கோவிச்சுக்காதீங்க ஐயா. நான் என்னத்த அறிக்கை பண்ண? செய்யச் சொன்னவன் பங்களாவுல நல்லாத் தூங்குறான், செஞ்சவ மட்டும் முழங்கால்ல நிக்கணுமா? அப்படித்தான் அன்னிக்கு உங்களக் கேட்டேன். 

தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணி வேற மாதிரி சொன்னாரு. "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். சரியாகலன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிப் போட்டுடுவோம். லயத்து வீடு தோட்டத்துல வேலை செய்யுறவங்களுக்குத்தான்." தஞ்சோங் ரம்புத்தான்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரி. எனக்கு அங்க போக வெக்கமில்ல. ஆனா என் மகள விட்டுட்டுப் போகணும், வீடு என் பேருல குடுத்ததால அவளுக்கும் அவ அப்பனுக்கும் தலைக்கு மேல கூரை இருக்காது. அதுதான் என் நெஞ்ச அறுத்துச்சு.

தோட்டத்துல நோய்க்கு மருந்து குடுக்குற டிரசரக் கேட்டேன். அவரு நல்ல மனுசன். "மனசுக்கு வைத்தியம் பார்க்குற டாக்டர் பினாங்குல இருக்காரு எஸ்தர், உக்கார வச்சுப் பேசுவாரு. ஆனா அதெல்லாம் தொரைமாருக்குத்தான். நீ ரெண்டு மாசம் சீவுறது அவருக்கு ஒரு தடவைக்குப் பத்தாது"ன்னாரு. கூலிக்காரிக்கு மனசு இருக்குன்னே யாரும் கணக்குல வைக்கல போலிருக்கு.

அன்னிக்கு மரத்தடியில உக்காந்து ஜெபம் பண்ணினேன். நல்ல ஜெபம்னு சொல்ல மாட்டேன். சண்டை போட்டேன். "ஆண்டவரே, தூதன் வேணாம், தரிசனம் வேணாம். நான் சொல்றத முழுசாக் கேக்குற ஒரு ஆள அனுப்பும். காசு கேக்காத ஆளா அனுப்பும். அது கூட உம்மால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடும், நான் வேற வழி பார்த்துக்கிறேன்"ன்னு கத்தினேன். பக்கத்து நெரையில சீவிக்கிட்டு இருந்தவ பயந்து ஓடிட்டா.

சனிக்கிழமை ரேஷன் வாங்கப் போற லோரியில நோயாளிங்களையும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வேலிய விட்டு வெளிய போகப் பாஸ் வேணும், பாஸ்ல என்ன நோய்னு எழுதணும். கிராணி கேட்டாரு, "என்ன?" சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க. இவ்வளவு வாய் பேசுற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயித்துவலி"ன்னேன்!

ஆஸ்பத்திரியிலயும் அதையே சொன்னேன். ஒரு பாட்டில் நெறைய வெள்ள மருந்து குடுத்தாங்க. குடிச்சேன். அடுத்த சனி இன்னொரு பாட்டில். மூணு வாரம் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குற அந்த மருந்த, இல்லாத வயித்துவலிக்குக் குடிச்சேன். சிரிங்க, பரவாயில்ல. இங்க சிரிக்கிறவங்கள்லயே நாலு பேரு இப்பவும் அந்த மருந்தத்தான் குடிச்சிக்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

நாலாவது சனி, மருந்து ஊத்துற நர்சம்மா, மிஸ்ஸின்னு கூப்பிடுவோம், என் பாட்டில வாங்கல. நம்ம தமிழ் மிஸ்ஸிதான், தலை நரைச்சவங்க. என்னையே பார்த்தாங்க.

"ஏம்மா, வயித்துவலிக்காரி வயித்தப் பிடிச்சிக்கிட்டு வருவா. நீ மூணு வாரமாக் கையப் பிடிச்சிக்கிட்டு வர்ற. வலி எங்க?"

நான் பாட்டிலக் கீழ வச்சேன். "தெரியல மிஸ்ஸி"ன்னேன். 

என்னப் பின்பக்கம் ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேசை மேல துவைச்சுக் காயவச்ச பேண்டேஜ் துணி மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. "எனக்கு இதச் சுத்தி வைக்க ஆளில்ல. நீ சுத்து, நானும் சுத்துறேன். சுத்திக்கிட்டே சொல்லு"ன்னாங்க. "காசு மிஸ்ஸி?"ன்னேன். "அதான் சுத்துறியே"ன்னாங்க.

பாக்கியம் பேர அன்னிக்குத்தான் வாய் விட்டுச் சொன்னேன். சார்ஜன் நின்னத, நான் சொன்ன ஒரு வார்த்தைய, எல்லாத்தையும் சொன்னேன். மிஸ்ஸி உச்சுக் கொட்டல, வசனம் சொல்லல. "பாவம் பண்ணினே"ன்னும் சொல்லல, "உன் மேல தப்பில்ல"ன்னும் சொல்லல. "அப்புறம்?"னு மட்டும் கேட்டாங்க. கேட்டு முடிச்சதும் சொன்னாங்க: "சப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்புன ஆம்பளைங்க ராத்திரியெல்லாம் கத்துவாங்கம்மா. வீட்டுல பேய்ன்னாங்க. எனக்கு வைத்தியம் தெரியாது, உக்காந்து கேட்டேன். சில பேரு நல்லானாங்க. நீயும் அடுத்த சனி வா."

போனேன். பதினோரு சனிக்கிழமை. ஒரே நாள்ல சொகமாயிட்டேன்னு சொன்னா அது பொய். அஞ்சாவது வாரம் போனத விட மோசமாத்தான் திரும்பினேன். ஆனா ஏழாவது வாரம் சோத்துல கை வச்சேன். மகளுக்கு ஊட்டினேன். "அம்மா, ரொம்பப் பெரிய உருண்டை"ன்னு அது கோவிச்சுக்கிச்சு. கர்த்தருக்கு நன்றின்னு அப்பத்தான் மனசாரச் சொன்னேன், அது வரைக்கும் சொன்னதெல்லாம் பழக்கத்துல சொன்னது.

நான் தேறிட்டேன்னு தெரிஞ்சதும் தொரை மறுபடி கூப்பிட்டாரு. கேட்டுல நிக்கணுமாம். "முடியாது தொரை"ன்னேன். "வேலை போயிடும்"னாரு. "புல்லு வெட்டக் குடுங்க, குறைஞ்ச கூலிக்கு வெட்டுறேன். இந்தக் கை இனி ஒருத்தி மடியத் தடவாது." கிராணி மொகம் வெளுத்துப் போச்சு. இப்ப புல்லுதான் வெட்டுறேன். கூலி குறைச்சல், அரைவயிறுதான். தூக்கம் வருது.

விசுவாசம் இருந்தா ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேக்குறாங்க. ஏன், போன மழைக்கு வழுக்கி விழுந்து காலு ஒடிஞ்சப்ப உபதேசியாரய்யா எங்க கட்டுப் போட்டாரு? காலுக்கு ஒரு நியாயம், மனசுக்கு ஒரு நியாயமா? நான் ஆள் கேட்டேன், ஆண்டவர் ஆள அனுப்பினாரு. அந்த ஆளு வெள்ள உடுப்புப் போட்டு மருந்து ஊத்திக்கிட்டு நின்னா அது ஜெபத்துக்குப் பதில் இல்லன்னு ஆயிடுமா?

பாக்கியம் விடுதலையாகி வந்தா. ஆளு பாதியா வந்தா. அவ வீட்டு வாசல்ல போய் நின்னு, "நான்தான் சொன்னேன், பாக்கியம்"னேன். கதவச் சாத்திட்டா. மறுநாளும் நின்னேன், மறுபடி சாத்தினா. அவளும் தூங்குறதில்ல. நடுச்சுவரு பலகைதானே, எனக்குக் கேக்கும். ஒரு நாள் சுவத்துக்கிட்ட போய், சனிக்கிழமை லோரியப் பத்தியும் மிஸ்ஸியப் பத்தியும் சொன்னேன். 

போன சனி லோரி பொறப்படுறப்ப அவ வந்து ஏறினா. கிராணி "என்ன நோய்?"னு கேட்டதுக்கு "தூக்கமில்ல, மனசு சரியில்ல, எழுதுங்க"ன்னா. நான் சொல்லப் பயந்தத அவ ஒரே மூச்சுல சொல்லிட்டா. டவுன் வர்ற வரைக்கும் எனக்கு முதுகக் காட்டியே உக்காந்திருந்தா. மிஸ்ஸி அறை வாசல்ல நானும் கூட நுழையப் போனேன். கைய நீட்டி மறிச்சா.

"நீ வெளிய இரு எஸ்தர். உன்னப் பத்தித்தான் பேசணும்."

இருந்தேன். ரெண்டு மணி நேரம் வெளிய பெஞ்சுல இருந்தேன். உள்ள அவ சத்தம் போடுறது கேட்டுச்சு, என் பேரு நல்லாக் கேட்டுச்சு. திட்டட்டும், ஆண்டவரே, ஒண்ணு விடாமத் திட்டட்டும்னு ஸ்தோத்திரம் பண்ணிக்கிட்டே இருந்தேன். உங்கள்ல யாருக்கு வேணும்னாலும் வாங்க, லோரியில இடம் இருக்கு. சபைக்கு வர்றவங்களும் வரலாம், கோயிலுக்குப் போற பாக்கியம் மாதிரி ஆளும் வரலாம், மிஸ்ஸி எந்தச் சாமின்னு கேக்க மாட்டாங்க. கிராணி கேட்டா உண்மையச் சொல்லுங்க. வாசல் வரைக்கும் நான் வர்றேன்.