மேற்குப் பக்கத்துப் புல்

கருப்பையா அண்ணாச்சி போய்விட்டார்.

இன்று காலையில்... ஆட்டுப்பட்டியைத் திறக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். இப்போதுதான் அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

உங்களுக்கு அவரைத் தெரியாது. என் வீட்டைத் தெரியும். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற வழியில், மலைக்கு முதுகு காட்டி நிற்கும் சின்ன வீடு. பின்னால் இடுப்பளவு காய்ந்த புல், பொன் நிறத்தில். காற்றில் அது அசைவதை வீடியோ எடுத்துப் போட்டேனே... நீங்கள்கூட ஹார்ட் விட்டீர்கள்.

அந்தப் புல்லுக்குள்தான் அவரை முதலில் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் பர்மிஷன் சொல்லிவிட்டு மத்தியானமே வந்த ஒரு நாள். வீட்டுக்குப் பின்னால் நாற்பது ஆடு. வேப்பமர நிழலில் துண்டை விரித்து அண்ணாச்சி நல்ல தூக்கம்!

எனக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டு உள்ள விட்டிய?" என்று கத்தினேன்.

நிதானமாக எழுந்து துண்டை உதறினார். "மாசி பொறந்தாச்சு தாயி. மேக்க புல்லு கெடக்கப்படாது. மலையில இருந்து தீ எறங்குச்சுன்னா நேரா ஒங்க அடுப்படிக்குத்தான் வரும்."

ஆட்டுத் தீனிக்கு இப்படி ஒரு கதையா என்று நினைத்தபடி, புல்லுக்குள் நின்ற ஆடுகளைப் போட்டோ எடுத்தேன். மறுநாளே கேட்டுக்குப் பெரிய பூட்டு.

பூட்டினால் என்ன... நான் பஸ் ஏறியதும் வேலிக் கம்பியைத் தூக்கி ஆடுகளை உள்ளே விட்டுவிடுவார். சாயங்காலம் வந்தால் பின்வாசலில் புழுக்கை. மேற்குப் பக்கம் மொட்டைத் தரை. சுவரோரம் கிடந்த தென்னமட்டைகளையும் காணோம். அவரைத் திருடன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. முன்வாசல் பைப்படியில் பச்சைப் புல் தளதளவென்று நிற்கும். அதில் ஒரு ஆடுகூட வாய் வைத்ததில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்... கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையில் சாம்பல் மெதுவாக வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தால் வெயில் ஆரஞ்சு நிறம். ஏதோ கனவில் நடப்பதுபோல், சத்தமே இல்லாமல்.

அப்புறம்தான் சத்தம் கேட்டது. பக்கத்துத் தரிசு முழுக்கத் தீ. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. ஒரு பக்கெட் தண்ணீரோடு பின்வாசலில் நின்றேன். வீடு போச்சு என்றுதான் நினைத்தேன்.

தீ வேலிக்கு அடியில் நுழைந்தது. நாலடி உள்ளே வந்தது. மொட்டைத் தரையில் கொஞ்ச நேரம் தயங்கி... அப்படியே அமர்ந்துவிட்டது.

காணாமல் போன மட்டைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டைவிட்டுத் தள்ளி, கிணற்று மேட்டில் ஒழுங்காக அடுக்கியிருந்தார்.

மறுநாள் அவரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். கேட்டேன். "உக்கார வச்சு வெவரமாச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"சொன்னேனே தாயி. நீங்கதான் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்திய."

அதற்குப் பிறகு கேட்டுக்குப் பூட்டு கிடையாது. ஒவ்வொரு மாசியிலும் ஆடுகள் ராஜநடையாக உள்ளே வரும். அவர் வேப்பமரத்தடியில் தூங்குவார். நான் லீவு போட்டுவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்திருப்பேன். நாற்பது ஆடும் சேர்ந்து புல் கடிக்கிற சத்தம்... தூறல் விழுகிற மாதிரி இருக்கும். எனக்கும் கண் சொக்கும்.

இன்று அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க வீட்டுக்குன்னுதான் வெள்ளன எந்திரிச்சாவ. மேக்க புல்லு ஏறிப்போச்சு, இன்னைக்கே ஓட்டணும்னாவ."

பட்டிக்குள் ஆடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். புல் இடுப்பளவு நிற்கிறது. காற்றில் அசைகிறது. போட்டோ எடுக்கவில்லை.

கேட் திறந்துதான் இருக்கிறது அண்ணாச்சி... போய் வாருங்கள்.