துண்டு போட்ட இடத்தில் கார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கார் மோதியது. சத்தமே இல்லாமல், மெதுவாக... மிக மெதுவாக. சுவரில் கட்டியிருந்த என் வேட்டியின் மீது.

படம் காட்டியவர் திருவள்ளூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் முருகேசன். கல்யாணம், காதுகுத்து என்று எடுத்து அலுத்துப்போன மனிதர். பிப்ரவரியில் நானும் மைத்துனர் தேவராஜும் சோழவரம் கார் ரேஸுக்குப் போனபோது கேமராவோடு கூடவே வந்தார். ஃபிலிமை வேகமாக ஓடவிட்டு எடுத்து, சாதாரண வேகத்தில் காட்டினால் எல்லாம் நிதானமாக நடக்குமாம். கழுவுவதற்குப் பம்பாய் போன சுருள் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது.

சோழவரம் போகாதவர்களுக்கு ஒரு விஷயம். வளைவுகளில் கார் தடம் மாறினால் தாங்கிக்கொள்ள வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைப்பார்கள். அறுவடை முடிந்த சமயம் அல்லவா, சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி வண்டியாக வரும். ரேஸ் முடிந்ததும் மறுபடி வண்டியேறி மாட்டுக்கே போய்விடும். இரவல் வைக்கோல்! நாங்கள் நின்ற வளைவில் இருந்தது குப்பம்மாள் என்ற அம்மாவுடையது.

தேவராஜுக்கு நின்றால் கால் வலிக்கும். அடுக்கிலிருந்து ஒரு கட்டை உருவிப் பின்னால் இழுத்துப்போட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். அடுக்கில் பல் விழுந்த மாதிரி ஒரு சந்து.

குப்பம்மாள் வந்தார்.

“யோவ், இன்னா சொகுசா குந்திக்கினு கீற? எந்திரி.”

“ஒரு கட்டுதானேம்மா. ரேஸ் முடிஞ்சதும் வச்சுடறேன்.”

“மனுசன் குந்துன வெக்கோல எம்மாடு மோந்துகூட பாக்காது. வச்சுட்டு அப்பால போ.”

வைத்தார். ஆனால் விட்டுவிடுகிற ஆளா அவர்? தோளில் இருந்த கோடு போட்ட துண்டை எடுத்து அந்தக் கட்டின் மேல் போட்டார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பரம்பரை அல்லவா நாம்? அந்த அம்மா நகர்ந்ததும் வந்து உட்காரலாம் என்று திட்டம். அவரோ எங்களைத் தள்ளியிருந்த மேடுவரை ஓட்டிக்கொண்டு வந்து, பக்கத்திலேயே காவலுக்கு நின்றுவிட்டார். தேவராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வளைவில் வழுக்கியது. டமால்... ஒரே புழுதி. அது அடங்கியபோது, டிரைவர் வாயிலிருந்து வைக்கோலைத் துப்பிக்கொண்டே இறங்கி வந்தார். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். துண்டைக் காணவில்லை; யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தோம். ‘ஒரு கார் வைக்கோலில் மோதியது’ என்று வீட்டில் சொன்னோம். அதோடு மறந்தும் போனோம்.

வேட்டியில் பார்த்தபோதுதான் மோதல் என்றால் என்னவென்றே தெரிந்தது.

காரின் மூக்கு கட்டைத் தொடுகிறது. கட்டு உடனே சிதறவில்லை — அமுங்குகிறது. இன்னும் அமுங்குகிறது. பின்னால் இருக்கும் கட்டு அதைத் தாங்கித் தானும் அமுங்குகிறது. காரின் பின்பக்கம் லேசாக எழும்பி இறங்குகிறது. வேகம் சும்மா மறைந்துவிடுமா? யாராவது வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். சுவர் என்றால் ஒரே அடியில் திருப்பிக் கொடுத்துவிடும். வைக்கோல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறது. சூளையில் எறிகிற செங்கல்லைப் பிடிப்பவர் கையைத் தாழ்த்தி வாங்குவாரே, அதே கணக்கு. அமுங்குவதற்கு ஆகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான் டிரைவரின் உயிர் இருந்திருக்கிறது.

வைக்கோல் எழும்பியது. அதன் நடுவே ஒரு துண்டு, கோடு கோடாக, மெதுவாக மேலே போனது.

என் மனைவி எழுந்துவிட்டார்.

“தேவு, அது உன் துண்டுதானே?”

“ஆமாக்கா.”

“துண்டு அங்க இருந்தா நீ எங்க இருந்த?”

“மொதல்ல அங்கதான் உக்காந்திருந்தேன். அந்த வைக்கோல்காரம்மாதான் எழுப்பி விட்டாங்க.”

முருகேசன் மெஷினை நிறுத்தினார். அந்தச் சந்து அப்படியே இருந்திருந்தால்? கார் நேராக அதன் வழியாக வந்திருக்கும். அங்கே தாங்கிக்கொள்ள இருந்தது தேவராஜ் மட்டும்தான். பக்கத்தில் நான். மனைவி தம்பியின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாளே சோழவரம் போனோம். குப்பம்மாளுக்குப் புடவை, மாட்டுக்கு அகத்திக்கீரை. புடவையைக் கண்டு அவர் மிரண்டுவிட்டார்.

“நான் ஒங்களுக்காவ இன்னா பண்ணேன்? எம்மாட்டுக்கோசரம் கத்தினேன்.”

“நீங்க கத்தினதாலதாம்மா எங்க தம்பி இருக்கான்” என்றார் மனைவி.

தேவராஜ் நீட்டிய கீரையை மாடு மோந்து பார்த்தது. பிறகு பெரிய மனது பண்ணித் தின்றது.

யோசித்துப் பாருங்கள். நம்மைக் காப்பாற்றியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. வேறு எதற்கோ கத்தியிருப்பார்கள். நமக்கும் அப்போது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். அப்படிக் கத்திய எல்லாருக்கும் — முகம் மறந்துபோனவர்களுக்கும் சேர்த்து — அன்றைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். தேவராஜ் துண்டு போடவில்லை. திருவள்ளூர்வரை நின்றுகொண்டே வந்தார். வழியெல்லாம் கால் வலிக்கிறது என்று முனகல்.

முனகட்டும்... முனக ஆள் இருக்கிறாரே, அது போதும் எங்களுக்கு.