பின்சீட்டில் சம்பந்தி

என் இளைய மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயந்தாங்கொள்ளி என்றால் அவளிடம்தான் அனுப்புவார்கள். வண்டி சுவரைப் பார்த்துப் போனாலும் கத்த மாட்டாள். "சுவர் நகராதுங்க, நாமதான் கொஞ்சம் நகரணும்" என்பாள். பொறுமையில் என்னை உரித்துவைத்திருக்கிறாள் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு ஒரு நாயும் வந்தது. அந்த வீட்டு ஆள் என்பதால் நான் சம்பந்தி என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். சம்பந்திக்கு வயதாகி, இதயம் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் இருமல், நடந்தால் இருமல். நாய் டாக்டரம்மா நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்றார்.

இருமல் அடங்கியது. ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான், குடித்த கையோடு வாசலைப் பார்த்து முனகுவான். எங்கள் வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. நான் ஒரு தடவை இறங்கி ஏறினால் முழங்கால் இரண்டு நாளைக்கு என்னோடு பேசாது. அதனால் மகள் அவனைப் பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முதல் வாரமே சீட் நாறிவிட்டது. அவள் என்ன செய்தாள், பாடம் முடிகிற வரைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்துவைத்தாள். எனக்குத் தெரிந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். சில நாளில் சம்பந்தி கால் மடங்கி விழுந்தான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

டாக்டரம்மா அவன் ஈறைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சு கிடக்கே. தண்ணி கொடுக்கறதில்லையா?"

"வண்டியிலயே போயிடறான் டாக்டர்..."

"போறதுக்குத்தானே மாத்திரை! வெளிய போற அளவுக்கு உள்ள போகலன்னா கிட்னி கெட்டுடும். கிண்ணம் எப்பவும் நிறைஞ்சிருக்கணும். தொந்தரவா இருந்தா என்கிட்ட கேளும்மா. நீயா எதையும் குறைக்காதே."

ரத்தம் சோதித்து, நரம்பில் மருந்துநீர் ஏற்றி, காலை மாத்திரையை விடியற்காலைக்கு மாற்றிக் கொடுத்தார். பாதித் தொல்லை வீட்டு வாசலிலேயே தீர்ந்தது. மத்தியான மாத்திரையின் தொல்லை மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியது. சம்பந்தி முனகினால் ஓட்டுகிறவர் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, மரத்தடியாகப் பார்த்து ஓரங்கட்டி, இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட வேண்டும்.

கற்றுக்கொள்ள வந்த பேங்க் குமாஸ்தா ஒருவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. "மேடம், நான் கார் ஓட்டக் கத்துக்க வந்தேனா, நாய்க்கு டிரைவரா வந்தேனா?"

"ரெண்டுக்கும்தான். கண்ணாடி பாருங்க."

விஷயம் பயிற்சிப் பள்ளி முதலாளி காதுக்குப் போனது. "அடுத்த வாரம் உன் ஆளுங்க மூணு பேருக்கு டெஸ்ட். ஒருத்தர் தோத்தாலும் நாய் வண்டியில ஏறக் கூடாது. ஏத்தித்தான் ஆகணும்னா நீயும் ஏற வேண்டாம்" என்றார்.

வேலை போனால் மாத்திரை வாங்க வழியில்லை. நாயைப் பூட்டிவிட்டுப் போனால் அவனை இறக்கிவிட ஆளில்லை. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "யாருக்காவது கொடுத்துடலாமாம்மா?"

"கொடு. கூடவே என்னையும் கொடுத்துடு. எனக்கும்தான் அடிக்கடி போகணும்."

அழுகையும் சிரிப்புமாக எழுந்து போனாள்.

டெஸ்டில் இரண்டு பேர் தேறிவிட்டார்கள். குமாஸ்தாவும் நன்றாகத்தான் ஓட்டினாராம். இதெல்லாம் பிறகு அவரே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னது. வழியில் நல்ல நிழலோடு ஒரு மரம் வந்திருக்கிறது. கை தானாகச் சிக்னல் போட்டது. ஓரங்கட்டினார், கைபிரேக் இழுத்தார், இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அதிகாரியின் பை மட்டும் இருந்தது.

"யாரை இறக்கறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"சம்பந்தியை, சார்."

சொல்லாமல் வண்டியை நிறுத்தியதற்காகத் தோற்கடித்துவிட்டார்கள்.

மகள் முதலாளி மேசையில் கார்ச் சாவியை வைத்தாள். பின்னாலேயே குமாஸ்தா வந்து நின்றார். "தப்பு என்னோடது. மறுபடி சேர்ந்துக்கறேன். இதே மேடம், இதே வண்டி."

"நாய்?"

"அது இல்லாம எனக்கு நிறுத்தவே வராது சார்."

நடந்ததைக் கேட்ட முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். சாவியை அவள் பக்கம் தள்ளி, "சீட்டுல ரப்பர் ஷீட் போடு. தினமும் நீயே கழுவணும்" என்றார்.

மறுநாளே பாடம் தொடங்கியது. பின்னாலிருந்து ஏதோ சத்தம். குமாஸ்தாவின் கை சிக்னலுக்குப் போனது.

"கூப்பிடறான் மேடம்."

"இல்ல, அது கொட்டாவி. நீங்க ஓட்டுங்க."