ரெண்டாவது லைன்

வீட்டு விளக்கைக் கைபேசியில் எரிய வைப்பது எங்கள் தொழில். எரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் மனிதரைத் திட்டுவது வாடிக்கையாளர் வழக்கம். தேவாலா பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் அப்படி மாட்டியவர், அங்கே வேலை பார்த்த செல்வி அக்கா. ஒயரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், ஒயரைப் பிடுங்கினார் என்று வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். இதே பிழைப்பில் ஏச்சு வாங்கும் சகாக்களே, பொறுமையாகப் படியுங்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை.

குன்னூரிலிருந்து தீர்ப்பு

தேயிலை விலை விழுந்ததும் கோயம்புத்தூர்க்கார முதலாளி பங்களாவை விருந்தினர் விடுதியாக்கினார். எங்கள் ஆள் பிரகாஷ் போய் எல்லா விளக்கையும் ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார். தங்க வருகிறவர்கள் விளக்கோடு விளையாடக் கூடாதென்று, பிறகு விளக்குகளுக்கு மட்டும் தனியாக ஒரு வைஃபை போட்டார். அன்றைக்கே எல்லாம் படுத்துவிட்டது. முதலாளி போன் செய்ய, பிரகாஷ் குன்னூரில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "முதல் லைன் நல்லா இருக்குதுங்க சார். ரெண்டாவது லைன்லதான் கோளாறு."

என்ன நிறம்?

எஸ்டேட்டில் லைன் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை. பங்களா ஆட்களில் ரெண்டாவது லைனில் குடியிருப்பவர் செல்வி அக்கா ஒருவர்தான். கொழுந்து பறிக்கும் வேலை வாரத்தில் பாதி நாள்கூட இல்லாத நேரம். சிலோனிலிருந்து வந்த அந்தக் குடும்பத்துக்குப் பிடிமானம் இந்தப் பங்களா வேலைதான். நான் பஸ் இறங்கிப் போனபோது மழையில் நனைந்த முக்காட்டோடு பின்வாசலில் நின்றார். "தொரை ஏசுற ஏச்சுல எனக்கே சந்தேகமா போச்சு பிள்ள. நெட்டுன்னா என்னா நெறம், அதச் சொல்லு. நான் புடுங்குனனான்னு யோசிச்சுப் பாக்குறேன்."

கதை விடாதீங்க

நான் எம்.எஸ்சி. படித்துக்கொண்டே விடுமுறையில் இந்த வேலை பார்க்கிறவள். வாக்குவாதம் கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம். உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளியிடம், "ஆதாரம் எங்கே சார்?" என்றேன். "உங்க ஆளே சொன்னாரே அம்மிணி, ரெண்டாவது லைன்னு!" என்றார் முதலாளி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பிரகாஷ் சொன்னது நெட்வொர்க்கை, வீட்டு வரிசையை அல்ல என்று விளக்கினேன். அவர் நம்பினால்தானே! "ஒரு பொட்டிக்கு எதுக்குங்க ரெண்டு லைனு? அவளுக்குப் பரிஞ்சு பேசோணும்னு கதை உடாதீங்க."

ஒரு பக்கக் கூவல்

பெட்டிக்கு உண்மையிலேயே ரெண்டு வழி. ஒன்றில் இன்டர்நெட் கேபிள், மற்றதில் விளக்குகளின் வைஃபை. மென்பொருளை அதன் இஷ்டத்துக்கு விட்டால் இன்டர்நெட் வருகிற வழியை மட்டும் எடுத்துக்கொள்ளும். "விளக்குகளே, எங்கே இருக்கிறீர்கள்?" என்று அந்தப் பக்கமே கூவும். விளக்குகள் இருப்பதோ இந்தப் பக்கம். பதில் எப்படி வரும்? பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து முதலாளி கண்முன் காட்டினேன். 'தானே தேர்ந்தெடு' என்பதில்தான் டிக் இருந்தது. பிரகாஷை ஸ்பீக்கரில் போட்டு, ரெண்டு வழியையும் ஏன் டிக் செய்யவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் இருமினார். "அதுவே பாத்துக்கும்னு விட்டுட்டேங்க."

பதில்

ரெண்டையும் டிக் செய்து பெட்டியை நிறுத்திக் கிளப்பினேன். முதலாளி போனை அவர் கையிலேயே கொடுத்து அழுத்தச் சொன்னேன். வராந்தா எரிந்தது, சாப்பாட்டு அறை எரிந்தது, மாடி எரிந்தது. மூடுபனிக்குள் பங்களா கல்யாண வீடுபோல நின்றது. முற்றத்தில் கைகட்டி நின்ற செல்வி அக்காவைக் காட்டி, "இப்ப எந்த ஒயரைச் சொருகினாங்க சார்?" என்றேன். முதலாளி என்னிடம் ஏதோ முணுமுணுத்தார். என்னிடம் வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

சொன்னார். "தப்பு என்ர மேலதான் செல்வி. நாளைக்கே வேலைக்கு வந்துரு."

மென்பொருளும் முதலாளியும் ஒரே ரகம், ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு எல்லாம் விசாரித்தாயிற்று என்பார்கள். செல்வி அக்கா அதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்:

"வாறேன் தொரை. இனிமே ஏசுறதுக்கு முன்னுக்கு, எந்த லைன்னு ஒருக்கா கேட்டுக்குங்க."