சயாமில் நடக்காத தேர்தல்

பொய்யை எழுதுகிறவனுக்கு நிழலில் நாற்காலி உண்டு. அதை ஊருக்கு வாசிக்கிறவனுக்கு வெயிலும் லோரியும்தான். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் வாசிக்கிறவன். பிரிக்பீல்ட்ஸ் பிரசார ஆபீசில் லோரி, மைக், அரிசி எல்லாம் ஜப்பான்காரன் கொடுத்தது. குரல் மட்டும் என்னுடையது. வயிற்றுக்காக அடுத்தவன் எழுதியதைச் சொந்தக் குரலில் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

செந்தூல் வாசலில்

சயாமில் ரயில்பாதை போடப் போன நம் ஆட்கள் முகாமில் தேர்தல் நடத்தி, கை தூக்கி, தங்களை வேலை வாங்கும் கங்காணிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். எல்லாரும் சுகமாம். சயாமுக்கு மேலும் ஆள் சேர்க்க இப்படி இனிப்பாக ஒன்று வாசிக்கச் சொல்வார்கள்.

செந்தூல் ரயில்வே பட்டறை வாசலில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். என் குரல் சுவரில் மோதித் திரும்பியதில் எனக்கே புல்லரித்தது. கரிபடிந்த சட்டையோடு, இயந்திரம் பூட்டும் பிட்டர் ஒருவர் மட்டும் மென்றபடி நின்றார். இரண்டு நாள் வாசித்தும் எனக்குத் தோன்றாததை அவர் ஒரு வாய்ச் சோற்றுக்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"கங்காணிய கூலிக்காரன் ஓட்டுப் போட்டு வச்சானா? அப்ப பிரம்பு யாரு கையில இருக்கு லா?"

பெயர் கேட்ட கிராணி

இதை எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியிடம் சொன்னேன். நான் வாசிக்கும் தாளை எழுதுகிறவர் அவர்தான். அவர் கோபப்படவில்லை. ஜெயித்தவர்களின் பெயர் இல்லாததுதான் குறை என்று என்னிடமே மூன்று பெயர் கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்றாவது, கிள்ளான் முனியாண்டி. தோட்டத்துக்குப் பத்து முனியாண்டி இருப்பதால் அது யாரையும் குறிக்காது என்பது என் கெட்டிக்காரத்தனம். கிராணி எழுதி முடித்து மையை ஊதினார்.

"இப்ப எவன் கேள்வி கேக்குறான், பாப்போம்."

லெட்சுமியின் மூட்டை

கிள்ளானைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். மூன்று பெயரையும் வாசித்து வாய் மூடவில்லை, கூலிகள் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். லெட்சுமி என்று பெயர். நெற்றியில் பொட்டில்லை. அவள் புருஷன் முனியாண்டி காய்ச்சலில் போய்விட்டான் என்று சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் சொல்லி, கருமாதியும் முடிந்திருந்தது. காஜாங்கிலிருந்து அவளைக் கூட்டிப்போக அண்ணன் வந்திருந்தான். அங்கே போனால் ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும்.

லோரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். முன்சீட்டில் ஜப்பான் சிப்பாய். வாசித்தேன். அந்த முகத்தில் உயிர் திரும்புவதைப் பார்த்து மலைத்தேன். என் வாய்க்கா இவ்வளவு சக்தி என்று அதே நொடியில் பயந்தும் போனேன். அவள் அண்ணன் கையிலிருந்த தன் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் வரல. அவரு திரும்பி வந்தா பூட்டுன வீட்டையா பாக்கணும்?"

இளநீர் குடிக்கும் நேரம்

அடுத்த மாதம் போனபோது லெட்சுமி பாதியாகியிருந்தாள். மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்துவிட்டதாம். நெற்றியில் மட்டும் காசளவு குங்குமம். அதை என்னால் பார்க்க முடியவில்லை. சிப்பாய் இளநீர் குடிக்க இறங்கிப் போனதும் அவள் கிட்டே போனேன். தெரிந்தால் என் தலை போகும். தேர்தலும் இல்லை, அந்தப் பெயர் நான் இட்டுக்கட்டியது, காஜாங்குக்குப் போய்விடும்மா என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, அழவும் இல்லை. முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். என் பேச்சை நம்பிச் சயாமுக்குப் பெயர் கொடுத்த ஆறு பேர் லோரியில் ஏறக் காத்திருந்தார்கள். அடுத்து அவள் சொன்னதில் இருந்த துணிச்சலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"இதையும் அந்த மைக்ல சொல்லுங்கண்ணே, அவங்களும் கேக்கட்டும்."

ஜப்பான் காலம் முழுக்க ஊர் கேட்கப் பொய் வாசித்த இந்தக் குரல், உண்மை சொல்ல வேண்டிய அன்றைக்கு ஒரே ஒருத்தியின் காதைத் தாண்டவில்லை.