எண்ணெய் தொட்ட கை

பாளையங்கோட்டை மைதானத்தின் வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். மகள் பத்தடி முன்னால் போனாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு விறைப்பாக நடந்து நான் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் அவளுக்கு நடப்பதென்றாலே பிடிக்காது. சாக்கடைச் சுவர்மேல் கையை விரித்துக்கொண்டு வருவாள், மணல் குவியலைக் கண்டால் கரணம் போடுவாள். அன்று தரையை மட்டும் பார்த்துப் போனாள்.

மதுரையில் நடக்கவிருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு நான்கு பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் ஐந்தாவது. அவளை ஐந்தாவதாக ஆக்கியது நான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது நான் ஓரிடத்தில் தரிக்கிற ஆள் இல்லை. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த கால் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் நெல் மூட்டை தூக்கினேன். ராதாபுரம் பக்கம் கருப்பட்டி லாரியில் போனேன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றினேன். எந்த வேலையும் ஆறு மாதம் தாண்டாது. என் மனைவி பாளையங்கோட்டையில் ஒற்றை அறை வீட்டில் பீடி சுற்றிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு வளைவதைப் பார்த்துப் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர்தான் மைதானத்தில் சேர்த்துவிட்டார்.

முதன்முதலில் அந்தப் பயிற்சிக் கூடத்துக்குள் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் அகலத் தட்டு, அது நிறைய வெள்ளைத்தூள். ஒவ்வொரு பிள்ளையும் போய் அதைத் தொட்டுவிட்டுத்தான் கம்பியைப் பிடித்தது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். கூடமே சிரித்தது.

“அண்ணாச்சி, அது திருநீறு இல்லவே! கம்பிக்குப் போடுத தூளு,” என்றார் பயிற்சி கொடுக்கும் சார்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தூள் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ரெண்டு வருடம் கழித்து அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

தேர்வு இருக்கிறதென்று என் மனைவி எஸ்.டி.டி. பூத்தில் இருந்து வாழைக்காய் மண்டிக்குப் போன் செய்து சொன்னாள். “இதுக்காவது வந்து நில்லுங்க” என்றாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு செக்கில் கால் லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பெண் பிள்ளை எண்ணெய் தேய்க்கிற நாள். மூட்டும் நன்றாக மடங்கும். மனைவி சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். மகளை உட்காரவைத்து, தோள், முழங்கால், பாதம், ஒவ்வொரு விரல் இடுக்கு, கடைசியாக ரெண்டு உள்ளங்கை என்று சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். அவள் பேசாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சீயக்காய் போட்டுக் குளித்தாள். அத்தனை எண்ணெய் அதற்கெல்லாம் போகுமா?

தரையில் செய்யும் வித்தைகளில் அவள்தான் முதல். அதன் பிறகு கம்பி. வெள்ளைத்தூளைத் தொட்டுத் தேய்த்தாள், மறுபடி தொட்டுத் தேய்த்தாள். தாவிப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். ரெண்டாவது சுற்றில் கை வழுக்கி, மெத்தையில் முதுகு அடிபட விழுந்தாள். எழுந்து ஏறினாள். மறுபடியும் விழுந்தாள்.

சார் ஓடிப்போய் அவள் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். “என்னட்டி, அதிரசத்துக்கு மாவு பிசைஞ்சு வச்சிருக்க?”

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானாகவே எழுந்து சொன்னேன்.

“கை காய்ஞ்சிருக்கணும்னுதானவே அந்தத் தூளே! நெத்தியில பூசும்போதே சொல்லியிருக்கணும், என் தப்பு,” என்றார் அவர். அப்புறம் குரலை இறக்கினார். “பொங்கல் கழிஞ்சு இன்னொரு தேர்வு இருக்கு. அதுவரைக்கும் ஒருநாள் விடாம அஞ்சரைக்கு வரணும். பெரிய மெத்தைய ஷெட்டுல இருந்து வெளிய இழுக்கதுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாமாரு முறை வச்சு வாராங்க. உம்ம முறைக்கு உம்ம வீட்டம்மாதான் வந்து இழுக்குது. தெரியுமா ஒமக்கு?”

தெரியாது.

மைதானத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பிள்ளை காலையில் இருந்து சாப்பிடவில்லை. கூப்பிட்டதும் வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் டீயும் ஆற்றி, வடையும் தட்டி, கல்லாவையும் பார்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார். வடை ஒருபக்கம் கருகியிருந்தது.

“மாஸ்டர் திருப்பூருக்குப் போய்ட்டான் அண்ணாச்சி. கருகுனத ஒதுக்கிட்டுத் தின்னுங்க,” என்றார்.

பாதி வடை உள்ளே போன பிறகு மகளிடம் மெல்லக் கேட்டேன். “ஏட்டி, கையில எண்ணெய் படக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பொறவு ஏன் சொல்லல?”

அவள் மிச்ச வடையில் கருகலைக் கிள்ளினாள். “நீ எப்பமாச்சும்தான வாற. வந்து உக்காந்து தேய்ச்சியா... வேண்டாம்னு சொன்னா எந்திச்சுப் போயிருவன்னு நெனச்சேன்.”

நான் டீயைக் குடித்தேன்.

“மறுபடி எப்பம் போற?” என்றாள்.

“பாப்பம்” என்றேன். நான் பாப்பம் என்றால் நாளைக்கு என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். பையைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி பத்தடி முன்னால் நடந்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு நான் ஷெட் வாசலில் நின்றேன். அந்த மெத்தை, நனைந்த எருமை மாதிரி கனத்தது. இன்னொரு பிள்ளையின் அப்பாவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். என் மனைவி இதை எப்படி இழுத்தாள் என்று புரியவில்லை. மகள் தூரத்தில் காலை நீட்டி மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே டீக்கடைக்குப் போனேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க ஹோட்டலில் வடை தட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். ஏழரைக்குப் பயிற்சி முடிந்து மகள் வந்தபோது, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் என்னயத் தொடணும்,” என்றாள்.